கோட்டுக்குள் இருந்த ஆள்

யாராவது காமிராவைத் தூக்கினால் போதும், பெரியப்பாவின் வலது கை தானாக எழும்பிச் சட்டையின் இரண்டாவது பொத்தானை மூடிக்கொள்ளும். வீட்டில் இருக்கும் எந்தப் படத்தை எடுத்துப் பார்த்தாலும் அப்படித்தான். தம்பி கல்யாணத்தில் அப்படி. கடைக்குப் புது மேசை வாங்கிய அன்று அப்படி. அடையாள அட்டைக்கு எடுத்த படத்தில் கழுத்துக்கு மேலேதான் தெரிகிறது. ஆனாலும் வலது தோள் மட்டும் லேசாக ஏறியிருப்பதைப் பார்த்தால், கீழே கை எங்கே இருக்கிறது என்று வீட்டுக்காரர்களுக்குப் புரிந்துவிடும்.

இதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். "அண்ணனுக்கு மரியாதை ஜாஸ்தி. காமிராவுக்கே பாதி கும்பிடு போடுறாரு" என்பார் தம்பி. கடைக்கு வரும் ஒருவர், எதற்கும் நெஞ்சு டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள் என்று அக்கறையாகச் சொல்லிப் போனார். பெரியம்மாவிடம் கேட்டால் மட்டும், "அதை அந்த மனுஷன்கிட்டயே கேளு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். கேட்டால் பெரியப்பா சிரிப்பார். அவ்வளவுதான்.

கடை என்றால் சலவைக்கடை. வீட்டின் முன்னறையே கடை. தம்பி வெளுப்பார், பெரியப்பா இஸ்திரி போடுவார். நாக்கின் நுனியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு அவர் ஒரு கால்சட்டையின் மடிப்பை இழுத்துவிட்டால் அதில் காய்கறி நறுக்கலாம். ஆனால் மனிதர்களின் முகம் அவருக்கு நிற்காது. துணிதான் நிற்கும். வாரம் தவறாமல் வரும் வங்கி மேனேஜர் ஒருநாள் புதுச் சட்டையில் வந்து நின்றபோது, "யாரு நீங்க, என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டார்.

"என்னப்பா, வாரா வாரம் வரேன், தெரியலையா?"

"அட, நீலக்கோடு சட்டையா நீங்க? அதைப் போட்டுக்கிட்டு வரக் கூடாதா சார்?"

அந்த வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள் தம்பியின் மகள். பட்டம் வாங்கிய நாளிலிருந்து பெரியப்பா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "காலேஜ், தண்ணி கொண்டா." "காலேஜ், அந்த நூல்கண்டு எங்க?" பெருமையா கிண்டலா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. சின்ன வயதில் அவளும் கடையில் உட்கார்ந்து துணிகளுக்கு நம்பர் எழுதிய டோக்கன் கட்டியவள்தான். கல்லூரிக்குப் போன பிறகு அந்தப் பக்கம் கை வைத்ததில்லை. யாரும் வைக்கச் சொன்னதும் இல்லை. அதுதான் அவளுக்குக் கொஞ்சம் உறுத்தல்.

இப்போது நூலகத்தில் அவளுக்குத் தற்காலிக வேலை. ஊர்க்காரர்களின் வீட்டுப் பழைய படங்களை வாங்கி ஒரு கண்காட்சி வைக்க நூலகர் ஏற்பாடு செய்திருந்தார். சீருடை போட்ட படங்கள் எல்லாம் காலேஜின் மேசைக்கு வந்தன. வேறு யாரும் அந்தத் தலைவலியை ஏற்கவில்லை. அவள் தடித்த படப்புத்தகங்களையும் பூதக்கண்ணாடியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தொப்பி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, காலரில் என்ன சின்னம், தோளில் என்ன பித்தளை எழுத்து, கையில் எத்தனை பட்டை என்று பார்த்துப் பார்த்து, கொஞ்ச நாளில் தேறிவிட்டாள். தேறியதில் வம்பும் வந்தது. ஒரு வீட்டின் 'ஜெனரல்' பஸ் கண்டக்டர் என்று தெரிந்தது. இன்னொரு வீட்டின் 'விமானி' தீயணைப்புக்காரர். "எங்க தாத்தாவை ஒரே நாள்ல பதவி இறக்கம் பண்ணிட்டியேம்மா" என்று படத்தைப் பிடுங்கிக்கொண்டு போனவர்களும் உண்டு.

"போகட்டும்" என்றார் நூலகர். "நாம எழுதினா நிஜத்தை எழுதணும். இல்லன்னா சுவத்தைச் சும்மா விட்டுடணும்."

அந்த வாக்கியம் அவளுக்குப் பிடித்திருந்தது. அதற்காகவே வேலைக்கு வரலாம் போலிருந்தது.

அப்படியிருக்கும்போதுதான் தையல்காரம்மா ஒரு படத்தைக் கொண்டுவந்தார். சந்தைத் தெருவில் தையல்கடை வைத்திருப்பவர். கழுத்தில் அளவு நாடா, முந்தானையில் குத்திய ஊசி. கனத்த ராணுவக் கோட்டும் தொப்பியுமாக ஒரு ஒல்லி இளைஞன் விறைப்பாக நிற்கும் படம் அது.

"எங்க அண்ணன் படம். பட்டாளத்துல இருந்தான். திரும்பி வரல. இந்தக் கோட்டுல இருக்கிறதெல்லாம் என்ன ஏதுன்னு சொன்னீங்கன்னா போதும், கண்ணு."

காலேஜ் அன்று சாப்பிடக்கூடப் போகவில்லை. கையில் இரண்டு பட்டை. அதற்கு மேலே வண்டிச் சக்கரம் போன்ற சின்னம், அதாவது லாரி ஓட்டுநர். காலர் சின்னமும் புத்தகத்தோடு பொருந்தியது. ஒன்றே ஒன்றுதான் உதைத்தது. இரண்டாவது பொத்தான் துளையிலிருந்து வெள்ளையாக ஒரு சின்னத் துண்டு தொங்கியது. புத்தகம் புத்தகமாகப் புரட்டி, கடைசியில் கண்டுபிடித்துவிட்டாள். சில ராணுவங்களில் வீரப்பதக்கத்தின் ரிப்பனை இரண்டாவது பொத்தான் துளையில் கட்டிக்கொள்ளும் வழக்கம் உண்டு என்று ஒரு புத்தகம் சொன்னது! உடனே எழுதினாள்: 'வீரப்பதக்கம் பெற்ற ஓட்டுநர். பார்வையில் தெரியும் உறுதியைக் கவனிக்கவும்.'

நூலகர் படித்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். "இதையே வாசல் பேனரா போட்டுடலாம். ஆள் உயரத்துக்கு."

பேனரின் மாதிரியை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் விரித்து வைத்தாள். காபி டம்ளரோடு வந்த பெரியம்மா அதைப் பார்த்தார். டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"இந்தாளு படம் உன்கிட்ட எப்படி வந்துச்சு?"

"எந்தாளு?"

"உங்க பெரியப்பாடி!"

காலேஜ் சிரித்தாள். பெரியம்மா சிரிக்கவில்லை. உள்ளே போய்த் தகரப்பெட்டியின் அடியிலிருந்து ஒரு படத்தை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார். அதே கோட்டு, அதே தொப்பி, அதே முறைப்பு.

"எனக்கு மாப்பிள்ளை பார்த்தப்ப வந்த படம் இது. பட்டாளத்து மாப்பிள்ளைன்னு என் தங்கச்சிங்களுக்கெல்லாம் வயிறு எரிஞ்சுது. நானும் நம்பிக் கழுத்தை நீட்டினேன். மறுவாரமே இஸ்திரிப் பெட்டிக்குக் கரி போடச் சொன்னாரு. வெளிய சொன்னா எனக்குத்தானே கேவலம்னு பெட்டிக்கு அடியில போட்டுப் பூட்டினேன்." மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார். "அது சரி, இது யாரு குடுத்தது?"

"சந்தைத் தெரு தையல்காரம்மா. அவங்க வீட்டுச் சுவத்துல மாட்டியிருந்துச்சாம்."

"அவ வீட்டுச் சுவத்துலயா?"

அந்த ஒரு கேள்வி தெருமுனை வரைக்கும் கேட்டது. முன்னறையில் இஸ்திரிப் பெட்டி பட்டென்று நிமிர்ந்து உட்காரும் சத்தம் வந்தது.

"இங்க வாங்க! எத்தனை வீட்டுச் சுவத்துல தொங்குறீங்க நீங்க?"

பெரியப்பா வந்தார். இரண்டு படத்தையும் பார்த்தார். பிறகு, பிடிபட்ட பூனை மீசையை நக்குவது போல உதட்டைத் தடவிக்கொண்டு, "எந்த வீட்லயும் நான் தொங்கலடி. கோட்டுதான் தொங்குது" என்றார்.

"பேச்சை மாத்தாதீங்க. யாரவ?"

"எனக்கு யாரையும் தெரியாது. அந்தக் கோட்டை மட்டும் தெரியும். உட்காரு, சொல்றேன்."

அப்போது அவர் இந்தக் கடையில் இல்லை. வேறொரு பெரிய சலவைக்கடையில் இஸ்திரிப் பையனாக இருந்தார். பக்கத்துக் கடை போட்டோ ஸ்டுடியோ. பெண் வீட்டுக்கு அனுப்ப ஒரு படம் வேண்டும் என்று வீட்டில் நெருக்கினார்கள். அவரிடம் இருந்த சட்டைகளோ, சட்டை என்று சொன்னால் சட்டைக்கே கோபம் வரும். கம்பியில் பார்த்தால், பட்டாளத்துக்காரர் ஒருவருடைய கோட்டு அப்போதுதான் இஸ்திரி முடிந்து சூடு ஆறாமல் தொங்கியது. தொப்பியும் கூடவே இருந்தது.

"அஞ்சே நிமிஷம். போட்டு, எடுத்து, மாட்டிடலாம்னு போனேன். ஸ்டுடியோக்காரர் என் மீசை பத்தலைன்னு படத்துல பென்சிலால வரைஞ்சாரு. அது வேற கதை. விறைப்பா நில்லுன்னாரு, நின்னேன். கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்டாரு. நிமிர்ந்து பார்க்கிறேன். அவருக்குப் பின்னாடி ஒருத்தர் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறாரு, வெறும் சட்டையில."

"யாரு?" என்றாள் காலேஜ்.

"கோட்டுக்காரர்தான்! கடைக்கு வந்திருக்காரு, கோட்டைக் காணோம், ஸ்டுடியோல பாருன்னு எவனோ போட்டுக் குடுத்துட்டான். அந்த நேரத்துலதான் காமிரா க்ளிக்குனுச்சு."

காலேஜ் பேனரைப் பார்த்தாள். பார்வையில் தெரியும் உறுதியைக் கவனிக்கவும். கவனித்தாள். அது உறுதி இல்லை, கிலி. பயத்தில் இமைக்க மறந்த கண்.

"அப்ப இந்த ரிப்பன்?" என்று விரலை இரண்டாவது பொத்தானில் வைத்தாள்.

"எந்த ரிப்பன்? அடப்பாவமே, அது டோக்கன், காலேஜ்! கழட்ட மறந்துட்டேன். படம் வந்ததும் ஸ்டுடியோக்காரர் என்னைக் கிழிகிழின்னு கிழிச்சாரு. அன்னிலருந்து காமிராவைப் பார்த்தாலே கை அங்கதான் போகுது."

பெரியம்மா சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்து முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். காலேஜுக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனை ஆயிரம் டோக்கன்களைத் தன் கையால் முடிச்சுப் போட்டிருப்பாள்? புத்தகத்தில் பார்த்த ரிப்பன் உடனே நினைவுக்கு வந்தது, வீட்டில் பார்த்த டோக்கன் வரவில்லை. படித்த படிப்பும் யாரோ ஒருவருடைய கோட்டு போலத் தன் தோளில் தொளதொளவென்று தொங்குகிறதோ என்று அவளுக்குத் தோன்றியது.

"கோட்டுக்காரர் அடிச்சாரா?" என்று கேட்டார் பெரியம்மா, ஆசையாக.

"அடிக்கல. 'கோட்டு எனக்கு வேணும். உள்ள இருக்கிற ஆளை நீயே வச்சுக்க'ன்னாரு. அவரும் அன்னிக்கு அம்மாவுக்கு அனுப்ப ஒரு படம் எடுக்கத்தான் வந்திருக்காரு. ரயிலுக்கு நேரமாயிடுச்சு. சரி, இந்தப் படத்தையே எங்கம்மாவுக்கு அனுப்பிடுன்னு விலாசம் சொன்னாரு. 'எங்கம்மாவுக்குக் கண்ணு மங்கல், கோட்டைப் பார்த்தாலே போதும், நான்தான்னு நெனச்சுக்கும். திரும்பி வரப்ப என் மூஞ்சியோட ஒண்ணு எடுத்துக் குடுத்துடு. அதுவரைக்கும் நீ எனக்கு ஒரு மூஞ்சி கடன்' அப்படின்னுட்டு, சூட்டோட கோட்டை மாட்டிக்கிட்டு ஓடிட்டாரு. நானும் அனுப்பி வச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஆளே வரல. வேற சலவைக்கடை பிடிச்சுட்டாருன்னு நெனச்சு அப்பப்ப திட்டுவேன்."

"பெரியப்பா" என்றாள் காலேஜ். "அவர் திரும்பியே வரலியாம். அந்தம்மா சொன்னாங்க."

பெரியப்பா எழுந்து முன்னறைக்குப் போனார். சட்டை ஏதோ தீயும் வாடை வந்தது. அந்தக் கடையில் அப்படியொரு வாடை அதற்கு முன் வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி. பேனர் ஏறினால் பொய் ஏறும். இறக்கினால், ஒரு வீட்டிடம் இருக்கும் ஒரே முகம் இறங்கும். பஸ் கண்டக்டரின் பேரப்பிள்ளைகளிடம் உண்மையைச் சொன்னபோது இல்லாத தயக்கம் இப்போது எங்கிருந்து வந்தது என்று காலேஜ் தன்னையே கேட்டுக்கொண்டாள். அடுத்த வீட்டுத் தாத்தா என்றால் நிஜம், தன் வீட்டுப் பெரியப்பா என்றால் யோசனையா? சனிக்கிழமை காலை கிளம்பினாள். செருப்பை மாட்டும்போது, மடிப்புக் கலையாத சட்டையில் பெரியப்பா வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் பெரியம்மா.

"நீ எதுக்கு?" என்றார் பெரியப்பா.

"அவ எப்படி இருக்கான்னு பார்க்க வேணாமா?" என்றார் பெரியம்மா. சந்தேகம் இன்னும் ஒரு சிட்டிகை மிச்சம் இருந்தது.

தையல்கடையில் ஒரு எந்திரம், ஒரு நாற்காலி, வெட்டிப்போட்ட துணிகள். காலேஜ் வார்த்தைகளை வழியெல்லாம் கோத்துக்கொண்டு வந்திருந்தாள். "அம்மா, அந்தப் படத்துல இருக்கிறது..." என்று தொடங்கினாள். தையல்காரம்மா அவளைப் பார்க்கவே இல்லை. பெரியப்பாவின் தலையையே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காது அதேதான்" என்றார். "முறம் மாதிரி. மீசை எங்க?"

"பென்சில்மா அது" என்றார் பெரியப்பா, தலையைக் குனிந்துகொண்டு.

"அப்ப உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் காலேஜ்.

"படம் வந்த அன்னிக்கே தெரியும். எனக்கு அப்ப ஏழு வயசு. இது அண்ணன் இல்லம்மான்னு சொல்ல வாயைத் தொறந்தேன். அம்மா படத்தை மூக்குக்கிட்ட வச்சுப் பார்த்துட்டு, 'என் புள்ள இளைச்சுட்டான், காது மட்டும் வளர்ந்திருக்கு'ன்னுச்சு. அப்படியே வாயை மூடிக்கிட்டேன். அதுக்கப்புறம் அவன் வண்டியோட மலைப்பாதையில போயிட்டான்னு சேதி வந்துச்சு. அம்மா இருந்தவரைக்கும் தினமும் உங்க மூஞ்சியத்தான் தொடச்சுக்கிட்டு இருந்துச்சு."

பெரியம்மா பெரியப்பாவை ஒரு பார்வை பார்த்தார். வீட்டில் அந்த முகத்துக்கு அப்படியொரு மரியாதை கிடைத்ததில்லை.

"தெரிஞ்சும் ஏன் எங்ககிட்ட கொண்டாந்தீங்க?" என்றாள் காலேஜ்.

"மூஞ்சி யாருதா இருந்தா என்ன கண்ணு? கோட்டு எங்க அண்ணனுது. அவன் அங்க வண்டி ஓட்டினானா, வண்டியில சும்மா போனானான்னுகூட எங்களுக்குத் தெரியாது. கோட்டைப் பார்த்துச் சொல்லுவீங்கன்னுதான் கொண்டாந்தேன். மூஞ்சியப் பத்தி நான் ஒண்ணும் கேட்கலையே?"

கேட்கவில்லைதான். காலேஜ் ஒவ்வொன்றாகச் சொன்னாள். இரண்டு பட்டை. லாரி ஓட்டுநர். தையல்காரம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு பெரியப்பாவின் பக்கம் திரும்பினார்.

"நீங்க அவனை நேர்ல பார்த்திருக்கீங்க. எனக்கு மறந்தே போச்சு. எப்படி இருப்பான்?"

பெரியப்பா கண்ணை மூடினார். "வலது முழங்கை தேஞ்சு பளபளன்னு இருக்கும். வண்டி ஜன்னல்ல கையை ஊணி ஊணித்தான் இருக்கணும். இடது தோள் வலதைவிட ஒரு விரல் இறங்கும். பாக்கெட்டைத் திருப்பினா கடலைத் தோலாக் கொட்டும்..."

"ஆமா! எப்பப் பார்த்தாலும் கடலைதான்!" தையல்காரம்மா சட்டென்று கையைத் தட்டினார். "அப்புறம்? மூஞ்சி?"

பெரியப்பா கண்ணை இன்னும் இறுக்கினார். நாக்கு நுனி பல்லிடுக்கில் வந்து நின்றது. எந்திரத்தின் சக்கரத்தைப் பிடித்தபடி தையல்காரம்மா காத்திருந்தார்.

"வரலம்மா" என்றார் கடைசியில். "விளக்கு எல்லாம் என் கண்ணுல அடிச்சுது, அவரு இருட்டுல நின்னாரு. அதுக்கு முன்னாடி கடையில எத்தனையோ தடவை வந்திருப்பாரு. நான் கோட்டைத்தான் பார்த்திருக்கேன்."

"அப்ப ஒரு மூஞ்சி பாக்கி" என்றார் தையல்காரம்மா. கோபமாகச் சொல்லவில்லை. துணி கொடுத்துவிட்டு அளவு கொடுக்க மறந்தவரிடம் சொல்வது போலச் சொன்னார்.

அன்று மாலை காலேஜ் புதிதாக எழுதிய குறிப்பை நூலகர் இரண்டு முறை படித்தார்.

'கோட்டு: ராணுவ லாரி ஓட்டுநருடையது. கோட்டுக்குள் இருப்பவர்: சலவைக்கடைக்காரர். இரண்டாவது பொத்தானில் தொங்குவது: சலவை டோக்கன். பார்வை: கோட்டுக்குச் சொந்தக்காரர் எதிரே வந்து நின்றதால் ஏற்பட்டது. சொந்தக்காரரின் முகம்: வர வேண்டியிருக்கிறது.'

"எல்லாரும் சிரிப்பாங்களேம்மா."

"சிரிக்கட்டும் சார். நிஜம்தானே?"

சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மற்ற படங்களின் முன்னால் நின்றதைவிட அந்தப் பேனரின் முன்னால்தான் அதிகக் கூட்டம் நின்றது. பக்கத்தில் பெரியப்பாவை நிறுத்தி ஆளாளுக்குப் படம் எடுத்தார்கள். கை பழக்கத்தில் மேலே எழும்பியது. "கையை இறக்குங்க. இப்ப என்ன டோக்கனா தொங்குது?" என்று பெரியம்மா ஒரு தட்டுத் தட்டினார். கை இறங்கியது. அடுத்த படத்தில் மறுபடி ஏறியது.

அதற்குப் பிறகு பெரியப்பா அவ்வப்போது சந்தைத் தெருவுக்குப் போய்வர ஆரம்பித்தார். கடனைத் தவணையில் அடைப்பதாகப் பேச்சு.

"மூக்கு ஞாபகம் வந்துடுச்சும்மா. நீளமான மூக்கு."

"போன தடவை சப்பைன்னீங்க."

"அப்படியா? அப்ப நடுத்தரமா வச்சுக்குங்க."

"நடுத்தர மூக்கு ஊர்ல யாருக்குத்தான் இல்ல? இந்தத் தவணை செல்லாது. கிளம்புங்க."

புருவம் அடர்த்தி என்று ஒருநாள் சொன்னார். அது கோட்டுக் காலரின் கறையைப் பார்த்துப் போட்ட கணக்கு என்று குறுக்கு விசாரணையில் தெரிந்ததும் தள்ளுபடியானது. சிரிக்கும்போது முன்பல்லில் இடைவெளி தெரியும் என்று இன்னொரு நாள் சொன்னார். தையல்காரம்மா எந்திரத்தை நிறுத்தி, கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதை எடுத்துக்கறேன்" என்றார். அது ஒன்றுதான் வரவு வைக்கப்பட்டது. அன்று பெரியப்பா வீட்டுக்கு வந்து, சொந்த வீடு கட்டியவர் போல நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். நிஜமாகவே நினைவு வந்ததா, சும்மா அடித்துவிட்டதா என்று காலேஜ் கேட்டாள். அவர் சிரித்தார். அவ்வளவுதான்.

அடுத்தது நெற்றி என்று சொல்லியிருந்தார். மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கம்பியில் வாடிக்கையாளர்களின் துணிகள் டோக்கனோடு அப்படியே தொங்கின. தையல்காரம்மா வந்தார். பெரியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒரு பல்லை மட்டும் குடுத்துட்டுப் போயிட்டாரு உங்க வீட்டுக்காரரு" என்றார். பெரியம்மா அழுதபடியே சிரித்தார்.

பேனர் கிழிந்துவிட்டது. படமும் குறிப்பும் மட்டும் நூலகத்து மாடிப்படிச் சுவரில் நிரந்தரமாக மாட்டப்பட்டிருந்தன. முகம் வர வேண்டியிருக்கிறது என்ற கடைசி வரியை இனி எடுத்துவிடலாமா, இனிமேல் யார் வந்து தரப்போகிறார்கள் என்று நூலகர் கேட்டார். காலேஜ் தானாக முடிவு செய்யவில்லை. சந்தைத் தெருவுக்குப் போய்க் கேட்டாள்.

தையல்காரம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார்: "அது அப்படியே இருக்கட்டும் கண்ணு. வாங்கினவரு போயிட்டா கடன் போயிடுமா?"